துவாய்க்குக் கீழே இருந்த மவுஸ்

வயர்லெஸ் மவுஸ் திருடுவதற்கும் கொஞ்சம் தொழில் தெரிந்திருக்க வேண்டும். உங்களுக்கு அது தெரியவில்லை. ஆமாம், உங்களைத்தான் சொல்கிறேன். மாத்தளையிலிருந்து அலுவிகாரைக்குப் போகிற வழியில் இருக்கும் என் கடைக்குள் பட்டப்பகலில் வந்து, மேசையில் துவாய்த் துண்டுக்குக் கீழே இருந்த மவுஸை எடுத்துக்கொண்டு, அதோடு பேசுகிற ரிசீவரை என் கம்பியூட்டரிலேயே குத்தியபடி விட்டுவிட்டுப் போன மகராசனைச் சொல்கிறேன். சட்டைப் பொத்தான் அளவு சாமான்தான் அது. ஆனால் அது இல்லாமல் உங்கள் கையில் இருப்பது மவுஸ் இல்லை, சவர்க்காரக் கட்டி.

அந்த மவுஸ் எனக்கு வேண்டாம். சாந்தி அக்காவுக்கு வேண்டும். அது ஏன் என்று உங்களுக்குத் தெரியாது, தெரிந்திருந்தால் எடுத்திருக்க மாட்டீர்கள் என்று ரிஸ்வான் நானா சொல்கிறார். நானா என் கடையில் பின்பக்கம் உட்கார்ந்து கம்பியூட்டர் திருத்துகிறவர். உலகத்தில் எல்லாரையும் நல்லவர் என்று சொல்வார். அதனால்தான் அவர் பின்பக்கம், நான் முன்பக்கம்.

சாமான் விற்றுச் சாப்பிடுகிற மற்ற நண்பர்களுக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டில் குடையைக் கவிழ்த்துப் போட்டு அதற்குள் போன் கவர் விற்று மேலே வந்தவன் நான். வாடிக்கையாளரிடம் படுகிற பாடு உங்களுக்கும் எனக்கும் ஒன்றுதான். வேண்டுமானால் நீங்களே படித்துப் பாருங்கள்.

கண்ணாடி மேசைக்காரர்

கடை திறந்த புதிதில் சாமான் எல்லாம் கண்ணாடி ஷோகேஸுக்குள் இருந்தது. மவுஸ் கேட்டு வருகிறவர்கள் அதை அந்தக் கண்ணாடி மேலேயே வைத்து இழுத்துப் பார்ப்பார்கள். மவுஸின் வயிற்றுக்குள் இருந்து ஒரு வெளிச்சம் கீழே இறங்கி, தரையைப் பார்த்துப் பார்த்துத்தான் அது வழி கண்டுபிடிக்கிறது. கண்ணாடியில் அதற்குப் பார்க்க ஒன்றுமில்லை. அம்பு ஒரே இடத்தில் நின்று குளிர்க் காய்ச்சல்காரன் மாதிரி நடுங்கும்.

நாவுலயில் மரக்கறி மொத்தமாக எடுக்கிற ஒரு சிங்கள ஐயா, மாத்தயா என்போமே, வந்தார். கண்ணாடி மேல் வைத்தார், இழுத்தார், "பழுது" என்றார். நான் பெட்டி அட்டையைக் கிழித்துக் கீழே வைத்தேன். மவுஸ் ஜோராக ஓடியது. "பார்த்தீங்களா?" என்றேன். தன் வீட்டு மேசையும் கண்ணாடிதான், வீட்டோடு இருக்கிற மருமகன் சீதனமாகக் கேட்டு வாங்கிப் போட்டது என்றார். அப்படியானால் மேசையை மாற்றுங்கள், இல்லையென்றால் கடுதாசி போடுங்கள் என்று கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சிங்களத்தில் சொன்னதை அப்படியே தமிழில் தருகிறேன்:

"தம்பி, மவுஸ் ஓடலன்னா மேசைய மாத்தச் சொல்றீங்க. செருப்பு கடிச்சா கால மாத்தச் சொல்வீங்களா?"

நாலந்தாவிலிருந்து வந்த பலகை

அதற்குப் பிறகு ஒரு சட்டம் போட்டேன். மவுஸ் வாங்க வருகிறவர், அது எதன் மேல் ஓடப்போகிறதோ அதைக் கையோடு கொண்டுவர வேண்டும். இங்கே ஓட்டிப் பார்த்து, ஓடினால்தான் விற்பேன். பிறகு வந்து சண்டை பிடிக்க இடமில்லை. சிரித்தவர்கள் உண்டு. ஆனால் கொண்டுவந்தார்கள். பூப்போட்ட பிளாஸ்டிக் மேசை விரிப்பு வந்தது; சிவப்புப் பூ வருகிற இடத்தில் மட்டும் அம்பு எகிறிக் குதித்தது. பழைய கலண்டர் வந்தது. ஒருவர் டைல்ஸ் துண்டு கொண்டுவந்தார், ஒரு அம்மா தலையணை உறையைக் கொண்டுவந்து, கட்டிலில் படுத்துக்கொண்டுதான் மகள் படிக்கிறாள் என்றார். எதற்கு எந்த மவுஸ் என்று எனக்குக் கை பழகிவிட்டது.

நம் பக்கத்து நாலந்தாவில் டியூஷன் கொடுக்கிற ஒரு மாஸ்டர், மேசையின் மேல் பலகையையே கழற்றி, ஆணி ஓட்டைகளோடு பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வியர்த்து வழிந்தது. நல்ல பலகை. ஒரு கணு மேல் போகும்போது மட்டும் அம்பு தயங்கியது, மற்றபடி வழுக்கிக்கொண்டு போனது. விலை சொன்னேன். அவர் குறைக்கக் கேட்டதும் நான் குறைத்ததும் போக, கடைசியில் இருவரும் ஓர் இடத்தில் வந்து நின்றபோது, அவர் பலகையை ஷோகேஸில் சாய்த்துவிட்டுச் சொன்னார்:

"கண்டக்டர் பலகைக்கும் டிக்கெட் கிழிச்சிட்டான் தம்பி. உங்க சட்டத்துக்காக வந்த பலகை. வந்த காசையும் போற காசையும் மவுஸ்ல கழிங்க."

துணிக்குக் கீழே கை

ஓட்டம் ஒரு பக்கம் என்றால் சுகம் இன்னொரு பக்கம். மவுஸை ஜனங்கள் கண்ணால் வாங்குகிறார்கள். நிறம், விளக்கு, பெட்டியில் இருக்கிற படம். அடுத்த வாரம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வந்து என்னிடம் கத்துகிறார்கள். கத்தினால் நானும் கத்துவேன். அது கடைக்கு நல்லதில்லை.

மாணிக்கக்கல் வியாபாரிகள் துணிக்குக் கீழே கை கொடுத்து விலை பேசுவதைப் பார்த்திருக்கிறேன். கண்ணுக்கு வேலையில்லை, கைக்குத்தான் வேலை. அதை எடுத்துக்கொண்டேன். மேசையில் ஒரு துவாய், அதற்குக் கீழே மூன்று நான்கு மவுஸ். கையை உள்ளே விடுங்கள். உள்ளங்கை சாய்கிறதா, சுண்டுவிரல் மேசையில் தேய்கிறதா, பட்டனை அழுத்தும்போது மணிக்கட்டில் இழுக்கிறதா, இதை மட்டும் சொல்லுங்கள். தெரிவு செய்த பிறகுதான் துவாயைத் தூக்குவேன்.

லீசிங் கம்பனி ஒன்றில் வேலை செய்கிற, டை கட்டிய ஒருவர் கையை விட்டார். சுற்றிச் சுற்றி வந்து ஒன்றில் நின்றார். "இதுதான்" என்றார், கண்ணைக் கூட மூடிக்கொண்டார். துவாயைத் தூக்கினேன். கடையிலேயே மலிவான சாம்பல் நிற மவுஸ். முகம் சுருங்கிப்போய்விட்டது. ஏழு நிறத்தில் விளக்கு எரிகிறதை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது வருத்தத்தோடு சொன்னது:

"கைக்கு இதுதான் அண்ணே சரி. ஆனா ஆபீஸ்ல யாரு என் கையைப் பார்க்கிறாங்க, மவுஸத்தானே பார்ப்பாங்க."

காது போன அப்பா

இனி சாந்தி அக்கா. பக்கத்துச் சந்தியில் கம்யூனிகேஷன் கடை வைத்திருக்கிறார். போட்டோ கொப்பி, கல்யாண அட்டை, செத்த வீட்டு பேனர். த்ரீவீல் ஆட்டோ ஒன்று வளைவில் கவிழ்ந்ததில் வலது கையின் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் மடங்காமல் போய்விட்டன. விரலால் தட்ட முடியாது. கிளிக் பண்ண வேண்டுமென்றால் முழுக் கையையும் வைத்து அழுத்த வேண்டும். அழுத்தும்போது மவுஸ் நகரும். நகர்ந்தால் அம்பு குதிக்கும். இடது கையால் பழகிப் பார்த்தார், கோணல் மாணலாகப் போகிறது என்று விட்டுவிட்டார்.

பேனர் வேலையில் படத்திலிருந்து ஆளை மட்டும் ஓரம் பிடித்து வெட்டி எடுக்க வேண்டும். யாரோ ஒருவரின் கல்யாணக் குழுப் படத்திலிருந்து இறந்தவரின் தலையை எடுத்துக்கொண்டிருந்தாராம். ஓரம் பிடித்து வருகிறபோது அம்பு ஒரு குதி குதித்தது. அவசரம், கவனிக்கவில்லை. பேனர் அடித்து வீட்டு வாசலில் கட்டிய பிறகுதான் தெரிந்தது, பெரியவருக்கு இடது காது இல்லை. சாந்தி அக்கா போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறார். மகன் பேனரை நிமிர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னாராம்:

"உசுரோட இருந்தப்பவே அப்பா யாரு சொன்னதையும் கேக்க மாட்டார் அக்கா. இப்ப நீங்க காதையும் எடுத்துட்டீங்க."

ரிஸ்வான் நானாவின் தலை

அந்த மகன் சிரிப்பாக எடுத்துக்கொண்டார், சரி. அடுத்த செத்த வீட்டுக்காரர் சிரிப்பாரா? அதைவிடப் பெரிய விஷயம், தேர்த் திருவிழா நோட்டீஸ் வேலை சாந்தி அக்காவுக்கு வந்திருந்தது. கை இப்படியான பிறகு அவரை நம்பிக் கொடுத்த முதல் பெரிய வேலை. திருவிழாவுக்குக் காசு கொடுக்கிற உபயகாரர்கள் அத்தனை பேரின் படமும் ஓரம் வெட்டிப் போட வேண்டும். உபயகாரர் காதில் கை வைத்துவிட்டு மாத்தளையில் கடை நடத்த முடியாது. இது சரியாக வராவிட்டால் கடையை மூடிவிட்டுத் தங்கச்சி வீட்டோடு போய்விடுவதாகச் சொன்னார். அழவில்லை, சாதாரணமாகச் சொன்னார். அதில்தான் எனக்குக் கோபம் வந்தது.

கடையில் இருந்த அத்தனை மவுஸையும் துவாய்க்குக் கீழே போட்டேன். ஒவ்வொன்றாகக் கை வைத்தார். இது உயரம், இது கல்லு மாதிரி, இது வழுக்குது. கடைசியில் ஒன்றில் கை நின்றுவிட்டது. துவாயைத் தூக்கிப் பார்த்தால், வேறு சாமானோடு கலந்து வந்து மூலையில் கிடந்த, ஒருவரும் தொடாத கறுப்பு மவுஸ். தவளை உட்கார்ந்த மாதிரி தட்டையாக இருக்கும். பட்டன் அவ்வளவு மெது. விரலின் பாரத்துக்கே அழுந்தும், அடி ஆடாது. ஓட்டிப் பார்க்க வேண்டுமே என்று ரிஸ்வான் நானாவின் பெருநாள் படத்தைக் கம்பியூட்டரில் போட்டோம். சாந்தி அக்கா நானாவின் தலையை ஓரம் பிடித்து, தொப்பி, தாடி, இரண்டு காதோடு அழகாகக் கழற்றி எடுத்தார். "அண்ணே, பையில போட்டுத் தாங்க, போறேன்" என்றார்.

நான் தரவில்லை. மேசை விரிப்பு எங்கே? அதன் மேல் ஓட்டாமல் எப்படி விற்பது? நாளைக்கு விரிப்பைக் கொண்டு வாங்க, இந்த மவுஸ் மட்டும் இங்கேயே துவாய்க்குக் கீழே இருக்கும், ஒருவரும் தொட மாட்டார்கள் என்றேன். கெஞ்சிப் பார்த்தார். சட்டம் சட்டம்தான் என்றேன். பின்பக்கத்திலிருந்து நானா குரல் கொடுத்தார்:

"வாங்குற மனிசியே போதும் எண்டு சொல்லுது. விக்கிற நீங்க என்னத்துக்குத் தம்பி மல்லுக்கட்டுறீங்க?"

தெரியாத ஆள்

மறுநாள் காலையில் கடையில் நல்ல கூட்டம். பாடசாலை விடுமுறை முடிகிற நேரம், பிரிண்டர் மை கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். நான் ஒருவரோடு விலை பேசிக்கொண்டிருந்தேன். விலை பேசும்போது எனக்கு மற்றதெல்லாம் மறந்துவிடும். ஆனாலும் துவாயின் மேல் ஒரு கண் இருந்தது. அதற்குக் கீழே மேடு இருந்தது. மேடு இருக்கிறவரை மவுஸ் இருக்கிறது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

சாந்தி அக்கா பச்சை ரெக்சின் விரிப்பைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வந்தார். குளித்துப் பொட்டு வைத்து, வேலைக்குத் தயாராக வந்த மாதிரி இருந்தது. விரிப்பைப் போட்டு, துவாயை அப்படியே நகர்த்தி அதன் மேல் வைத்தேன். அவர் கையை உள்ளே விட்டார். முகம் மாறியது. கையை எடுக்காமலே சொன்னார்:

"அண்ணே, இது என் கைக்குத் தெரியாத ஆளு."

மிளகு வாசம்

துவாயைத் தூக்கினேன். ஒரு பழைய மவுஸ் உட்கார்ந்திருந்தது. உங்களுடையது. நான் சத்தம் போட்டதில் எதிர்க் கடை மருந்துக்காரர் ஓடி வந்தார். கம்பியூட்டரில் பார்த்தால் கறுப்பு மவுஸின் ரிசீவர் அப்படியே இருக்கிறது. நானா தன்னிடம் இருந்த அத்தனை மவுஸையும் அதோடு இணைத்துப் பார்த்தார். அது தன்னுடைய ஆளைத் தவிர வேறு யாரோடும் பேசாத ஜாதி. கொழும்புப் புறக்கோட்டையில் சாமான் தருகிறவருக்குப் போன் போட்டேன். அந்த மாடல் இனி வராது, வேண்டுமானால் விளக்கு எரிகிறது அனுப்பட்டுமா என்றார். அவரையும் ஏசினேன்.

பிறகு உங்கள் மவுஸைக் கையில் எடுத்தேன். மன்னிக்க வேண்டும், ஒரு மவுஸைப் பார்த்தால் அதை வைத்திருந்தவரைப் பற்றி எனக்குப் பாதி தெரிந்துவிடும். இடது பட்டன் குழி விழுந்திருக்கிறது, வலது பட்டன் புதிது மாதிரி இருக்கிறது; வலது பக்கம் எதற்கு என்று உங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அடிப்பாதம் தேய்ந்து அடியே உரசுகிறது; சீமெந்து மேல் ஓட்டுகிறீர்கள். நடுவில் உருட்டுகிற சில்லுக்குள் கறுப்புத் தூள். நானா முகர்ந்து பார்த்துவிட்டு மிளகு என்றார். பெருவிரல் வைக்கிற இடத்தில் பிளாஸ்டர் ஒட்டியிருக்கிறீர்கள், அந்த இடம் உங்களுக்கு வலித்திருக்கிறது. ஆக, மிளகுக் கடை ஒன்றில் கணக்குப் பார்க்கிறவர், கை வலிக்காரர். துவாய்க்குக் கீழே கையை விட்டிருக்கிறீர்கள். சாந்தி அக்காவின் கை நின்ற இடத்திலேயே உங்கள் கையும் நின்றிருக்கிறது. இதைச் சொன்னதும் எனக்குக் கொஞ்சம் கோபம் இறங்கியது. நானா அதைப் பார்த்துவிட்டார்.

"கள்ளன் எண்டா வெறுங்கையோட தூக்கிட்டுப் போயிருப்பான். இந்த மனிசன் தன்ட சாமான வச்சிட்டுப் போயிருக்காரு தம்பி. மாத்திக்கிட்டதா நெனச்சிருப்பாரு."

மூக்குக்குள் போன ரிசீவர்

மாற்றிக்கொண்டாரா! இவ்வளவு காலம் பேரம் பேசியிருக்கிறேன், என் வாயைத் திறக்கவே விடாமல் யாரும் என்னிடம் பேரம் முடித்ததில்லை. எப்படியும் ரிசீவர் தேடி வருவார், வந்தால் பிடித்துவிடலாம் என்று காத்திருந்தேன். வயர்லெஸ் மவுஸின் ரிசீவர் மட்டும் தனியாக இருக்கிறதா என்று கேட்கிற எவரையும் முறைக்க ஆரம்பித்தேன்.

கொங்காவலைப் பக்கமிருந்து ஒரு ஹாஜியார் வந்து அதையே கேட்டார். வெள்ளைத் தாடி, அமைதியான மனிதர். "ரிசீவர் மட்டுமா? மவுஸ் எங்கே இருந்து வந்தது?" என்று எகிறினேன். மிளகு வாசம் அடிக்கிறதா என்று அவர் கைப்பக்கம் கொஞ்சம் குனிந்தும் பார்த்தேன். கடையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். அவர் அவசரப்படாமல் பையிலிருந்து ஒரு வெள்ளை மவுஸை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"மகனே, பேரப்புள்ள ரிசீவர மூக்குக்குள்ள போட்டுட்டான், ஆஸ்பத்திரியில எடுத்தாங்க. அத மறுகா கம்பியூட்டர்ல குத்த எனக்கு மனசு வரல்ல. இதுக்குப் போய் ஏன் என்ட கைய மோந்து பாக்குறீங்க?"

இனி உங்கள் பக்கம்

ஹாஜியாருக்குப் புது மவுஸ் ஒன்றைப் பேரம் பேசாமலே கொடுத்தேன். நானா அதை இன்னும் நம்பவில்லை.

சாந்தி அக்கா தன்னுடைய பழைய மவுஸையே வைத்துக்கொண்டு திருவிழா நோட்டீஸைத் தொடங்கியிருக்கிறார். நேற்றுப் போய்ப் பார்த்தேன். முதல் உபயகாரருக்கு இரண்டு காதும் இருக்கிறது. அதை எடுக்க ஒரு பகல் போயிருக்கிறது. மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தார். மிச்சப் படங்கள் ஓர் உறைக்குள் தடிப்பாக இருந்தன. இந்தப் போக்கில் தேர் இழுத்து முடிந்த பிறகுதான் நோட்டீஸ் வரும். "கெடைக்குமா அண்ணே?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். என் விரிப்புச் சட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்கு நான் கத்தியிருக்கலாம், கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஆகவே இதைப் படிக்கிற மிளகுக் கடைக் கணக்குக்காரரே, நான் போலீசுக்குப் போகவில்லை, போகவும் மாட்டேன். மாத்தளையில் மிளகு வாசம் அடிக்காத கணக்குப்பிள்ளை யார், எத்தனை பேரை நான் முகர்வது? உங்கள் கைக்கும் வேறு ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். பெருவிரல் பக்கம் குழிந்தது, சீமெந்தில் ஓட்ட அடியில் அட்டையும் வெட்டி வைத்திருக்கிறேன். அதை எடுத்துக்கொள்ளுங்கள், விலையை நான் பேச மாட்டேன், இதை என்னைத் தெரிந்தவர்களிடம் சொன்னால் மூர்ச்சை போட்டு விழுவார்கள். பாதி மவுஸ் உங்களிடமும் பாதி என்னிடமும் முழு வேதனை சாந்தி அக்காவிடமும் இருக்கிற இந்த வியாபாரத்தில் லாபம் கண்டவர் ஒருவருமில்லை. அதனால் மரியாதையாக அந்தக் கறுப்பு மவுஸைக் கொண்டுவந்து துவாய்க்குக் கீழே வைத்துவிட்டுப் போங்கள், நான் வீதிப் பக்கம் திரும்பி நிற்கிறேன்.